பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா?

நம் பாட்டிமார்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாலை நாலு மணி ஆனால் கூடத்து மூலையில் உட்கார்ந்து, அரிக்கேன் லாந்தரை எடுத்து முன்னால் வைத்துக்கொள்வார்கள். சிம்னியைச் சாம்பல் தொட்டுத் துடைப்பார்கள். திரியின் கருகிய முனையைக் கத்தரிப்பார்கள். மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்கள். இவ்வளவும் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். இருட்டிய பிறகு, "ஐயோ, எண்ணெய் இல்லையே!" என்று தவிப்பது அந்த வீடுகளில் அபூர்வம்.

பிறகு மின்சாரம் வந்தது. சுவரில் ஒரு ஸ்விட்ச், தட்டினால் வெளிச்சம். விளக்கைப் பராமரிப்பது என்கிற கலையே நமக்கு மறந்துபோயிற்று. அந்தக் கலை இப்போது வேறு வேஷம் போட்டுக்கொண்டு நம் வீட்டுக்குள் திரும்பி வந்திருக்கிறது. மாடிப்படிக்கு அடியில், துணி போர்த்தி, அதன் மேல் பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்திருக்கிறீர்களே, அந்த இன்வெர்ட்டரையும் பாட்டரியையும்தான் சொல்கிறேன்.

இதைப் படிக்கும் சகோதரிகளில் சிலர், "இதெல்லாம் ஆண்கள் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று தொடர்கதைப் பக்கத்துக்குத் தாவிவிடக்கூடும். ஒரு நிமிஷம் பொறுங்கள். கரண்ட் போகிற நேரத்தில் வீட்டில் இருக்கிறவர் யார்? குழந்தை வீரிட்டு அழுவதும், அடுப்பில் பால் பொங்குவதும் யார் காதில் விழுகிறது? "மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம்" என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு இருட்டில் நிற்பவர் யார்? எல்லாவற்றுக்கும் விடை ஒன்றுதான். ஆகவே, இது உங்கள் சமாசாரமேதான்.

2012-ஆம் வருஷத்தை யாரும் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. இட்லிக்கு அரைக்கக்கூட முகூர்த்தம் பார்க்க வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில்தான் நம் நடுத்தரக் குடும்பங்களில் இன்வெர்ட்டர் மள மளவென்று குடியேறியது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாக் கிராமங்கள் சில வாரக் கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலின் மழை விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களை வெள்ளக்காடாக்கியது. கம்பியில் வரும் மின்சாரம் என்றைக்கும் தவறாது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

மலை மேல் ஒரு வீடு

கம்பியையே நம்பாமல் குடித்தனம் நடத்துவது எப்படி என்று தெரிந்துகொள்ள, வாருங்கள், கல்வராயன் மலைக்குப் போவோம்.

2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே புறப்பட்டால், கச்சிராயபாளையமும் கோமுகி அணையும் வரும். அதற்கப்பால் சாலை வளைந்து வளைந்து ஏறும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. மலை மேல் முக்கியமான ஊர் வெள்ளிமலை. இங்கே வசிக்கும் பழங்குடியினருக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்தாரோ என்று மயங்க வேண்டாம், பேசுவது தமிழ்தான். சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் பூமி. 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. சாலை முதலிய வசதிகள் இங்கே போதவில்லை என்பதைக் கவனித்து, 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

இத்தகைய மலையில் கம்பி வந்த ஊரிலும் ஒரு மரம் சாய்ந்தால் போதும். மின்சாரம் திரும்பி வர நேரமாகும். அதனால் சூரிய ஒளி விளக்கு இங்கே பணக்கார விளையாட்டு அல்ல. ஏழைகளுக்காக 2011-12-ல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில்கூட, 300 சதுர அடி வீட்டோடு, சூரிய ஒளியால் எரியும் 5 விளக்குகளும் தரப்பட்டன.

வெள்ளிமலைக்கு அப்பால், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் வரும் ஒரு வீட்டை மனத்தில் கட்டிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி மாமியாருடன் அங்கே குடியிருக்கிறாள். கணவருக்கு வேலை கீழே, கள்ளக்குறிச்சியில், சனிக்கிழமைதான் வருவார். வீடு கற்பனைதான், ஆனால் அதற்கு வரப்போகும் கோளாறு எதுவும் கற்பனை அல்ல.

குடும்பத்தில் நாலு பேர்

டீச்சர் வீட்டு மின்சாரத்தை ஒரு கூட்டுக் குடும்பமாக வைத்துக்கொண்டால் விஷயம் சுலபமாகப் புரியும்.

கூரை மேல் இருக்கும் 330 வாட் சோலார் பேனல், சம்பாதிக்கிற பிள்ளை. காலையில் போய்ப் பொழுது சாய்ந்தால் திரும்புகிறவன். மழை நாளில் வருமானம் குறைவு.

மூலையில் கனமாக உட்கார்ந்திருக்கும் 150 ஆம்பியர்-மணி பாட்டரி, அந்த வீட்டு மருமகள். வருகிறதையெல்லாம் வாங்கிப் பத்திரப்படுத்தி, இரவு முழுவதும் எல்லோருக்கும் எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். ஆனால், அவள் சாப்பிட்டாளா, தண்ணீர் குடித்தாளா என்று கேட்பவர்தான் யாரும் இல்லை!

இன்வெர்ட்டர் மாமியார். பாட்டரியிலிருந்து ஒரே திசையில் வரும் 12 வோல்ட் மின்சாரத்தை, நம் விசிறிக்கும் விளக்குக்கும் ஏற்ற 230 வோல்ட் மின்சாரமாக மாற்றிக் கொடுப்பது இதன் வேலை. வேலையோடு சத்தமும் உண்டு. ஏதாவது பிடிக்கவில்லை என்றால் 'பீப், பீப்' என்று வீடே அதிரும்.

பெட்ரோல் ஜெனரேட்டர், ஊரிலிருந்து எப்போதாவது வரும் மாமா. கூப்பிட்டால் ஓடி வருவார். ஆனால் தீனி அதிகம், இரைச்சல் அதிகம், புகை அதிகம். தொடர்ந்து மழை பெய்து பிள்ளைக்கு வருமானம் நின்றுபோன நாளில்தான் அவருக்கு அழைப்பு.

வீட்டில் வெளிச்சம் நின்றால் பழி முதலில் மாமியார் தலையில்தான் விழும். "இன்வெர்ட்டர் போய்விட்டது, புதிசு வாங்கணும்" என்பார்கள். பெரும்பாலும் அந்தப் பழி வீண் பழி. விலை உயர்ந்த பெட்டி கெட்டுப்போவது அபூர்வம். மருமகளைக் கவனிக்காமல் விட்டதன் பலனைத்தான் பல வீடுகளில் அனுபவிக்கிறோம்.

இருட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்

கார்த்திகை மாதம். மூன்று நாளாக மலையில் மூடுபனியும் மழையும். இரவு எட்டு மணிக்குத் திடீரென்று வீடு இருண்டது.

"ஏம்மா, என்ன ஆச்சு?" என்கிறாள் மாமியார்.

"பார்க்கிறேன் அத்தை, பயப்படாதீங்க" என்று டார்ச் விளக்கை எடுக்கிறாள் டீச்சர்.

பதற்றத்தில் கண்ட ஸ்விட்சையெல்லாம் தட்டுகிறவளல்ல அவள். டாக்டர் நோயாளியை விசாரிப்பதுபோல் வரிசையாகக் கேள்வி கேட்கிறாள்.

வீடு முழுவதும் இருட்டா, ஓர் அறை மட்டுமா? ஓர் அறை மட்டும் என்றால் குற்றவாளி பல்பாகவோ, ஸ்விட்சாகவோ, அந்த அறைக்குரிய டிரிப்பராகவோ இருக்கும். இன்வெர்ட்டரைத் தொடவே வேண்டாம். டிரிப்பர் கீழே விழுந்திருந்தால் ஒரு தடவை தூக்கிப் பார்க்கலாம். உடனே மறுபடி விழுந்தால் எங்கோ கம்பி உராய்கிறது என்று அர்த்தம். திரும்பத் திரும்பத் தூக்குவது, காய்ச்சல்காரனை எழுப்பி ஓடச் சொல்வதற்குச் சமம்.

வீடு முழுவதும் என்றால், இன்வெர்ட்டர் என்ன சொல்கிறது? முகப்பில் எரியும் சின்ன விளக்கைப் பாருங்கள். 'ஓவர்லோட்' என்று எரிந்தால், சுமை தாங்காமல் மூச்சு வாங்குகிறது. மிக்ஸியையோ இஸ்திரிப் பெட்டியையோ யாராவது போட்டிருப்பார்கள். அதை நிறுத்தி, இன்வெர்ட்டரை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால் சரியாகிவிடும். 'லோ பாட்டரி' என்று எரிந்தால் மருமகளின் கை காலி. எந்த விளக்கும் எரியாமல், மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தால், பாட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே தொடர்பு அறுந்திருக்கலாம். இன்வெர்ட்டரின் பின்புறம் உள்ள பியூஸைப் பார்க்க வேண்டும்.

பாட்டரி முனைகள் எப்படி இருக்கின்றன? மேலே இரண்டு ஈயக் குமிழ்கள் இருக்கும். அவற்றில் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சைபோல் பூத்திருந்தால், பாதி நோய் அங்கேதான். கம்பி ஒட்டியிருப்பதுபோல் தோன்றும். உள்ளே தொடர்பு இராது. சிறு விளக்கு எரியும். விசிறியைப் போட்டதும் எல்லாமே அணையும். இந்த அடையாளத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். புது பாட்டரி விற்க வருகிறவர் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்!

பாட்டரியில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது? இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். விலை சில நூறு ரூபாய்தான். சுமையும் சார்ஜும் இல்லாமல் ஒன்றிரண்டு மணி நேரம் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் ஈய-அமில பாட்டரி, நிறைந்திருந்தால் 12.6 அல்லது 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி. 11.8-க்கு இறங்கிவிட்டால் பெட்டி காலி. திறந்து தண்ணீர் ஊற்றும் ரகமாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் என்கிற கண்ணாடிக் குழாயால் உள்ளே இருக்கும் அமிலத்தின் அடர்த்தியையும் பார்க்கலாம். 1.25-க்குப் பக்கத்தில் இருந்தால் ஆரோக்கியம், 1.15-க்குக் கீழே போனால் பட்டினி. ஆறு அறைகளில் ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் எப்போதும் தாழ்ந்தே நின்றால், அந்த அறை செத்துக்கொண்டிருக்கிறது என்று அறியலாம்.

டீச்சர் பார்த்தாள். இன்வெர்ட்டர் 'லோ பாட்டரி' என்றது. முனைகள் சுத்தம். மீட்டரில் 11.8. மூன்று நாள் வெயில் இல்லை. நோய் தெரிந்துவிட்டது: யந்திரத்தில் குற்றமில்லை, வரவுக்கு மேல் செலவு.

வரவும் செலவும்

மளிகைக் கணக்கு எழுதத் தெரிந்த யாருக்கும் இந்தக் கணக்கு வரும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட்-மணி. இதில் பாதியை, அதாவது 900-ஐ மட்டும் செலவழிப்பதே பாட்டரியின் ஆயுளுக்கு நல்லது. முழுக்க வழித்தெடுத்தால் சீக்கிரம் கிழவியாகிவிடும்.

பழைய ரக மின்விசிறி ஒன்று 75 வாட். இரண்டு விசிறி 150. எல்.இ.டி. பல்பு 9 வாட் வீதம் நாலு, 36. இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் சாப்பிடும். ஆக மொத்தம் 210 என்று வையுங்கள். 900-ஐ 210-ஆல் வகுத்தால் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். "ராத்திரி முழுக்க ஓடும் என்று சொன்னானே கடைக்காரன்!" என்று கோபித்துப் பயனில்லை. புது ரகக் காந்த விசிறி 30 வாட்டில் ஓடுகிறது. விசிறிகளை மாற்றினால் அதே பாட்டரி எட்டு மணி நேரத்துக்கு மேல் வரும். இரண்டாவது பாட்டரி வாங்குவதை விட இது மலிவு.

வரவுக் கணக்கு: 330 வாட் பேனலுக்கு நல்ல வெயில் நாலு மணி நேரத்துக்குச் சமமாகக் கிடைத்தால் 1,300 வாட்-மணி. வழியில் சேதாரம் போக 900 அல்லது 1,000 கைக்கு வரும். மழை மூட்டத்தில் இது கால் பங்காகவும் ஆகலாம். தென்னங்கீற்றின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும் வரவு குறையும். மூலைதானே என்று அலட்சியம் வேண்டாம். தூசியை அதிகாலையில், பேனல் சூடேறுமுன், தண்ணீர் ஊற்றி மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். அதுவும் கைக்கு எட்டினால்தான். கூரை ஏறுவதற்கு உரியவர்களைக் கூப்பிடுங்கள்.

மருமகளுக்குத் தண்ணீர்

பாட்டரி சார்ஜ் ஆகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவாகப் பிரிந்து போய்விடுகிறது. அமிலம் போவதில்லை, தண்ணீர்தான் குறைகிறது. ஈயத் தட்டுகள் தண்ணீருக்கு வெளியே தலை நீட்டினால் அந்தப் பகுதி காய்ந்து பாழாகும். ஆகவே மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து, அல்லது மிதவைக் குச்சியைப் பார்த்து, குறி வரையில் ஊற்ற வேண்டும்.

ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் ஒன்றே. கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கூடாது. அதில் கரைந்திருக்கும் உப்பு தட்டுகளுக்கு விஷம். 'பலம் வரட்டும்' என்று அமிலம் ஊற்றுவது அதை விட மோசம். சார்ஜ் நிறைந்த பிறகு ஊற்றினால் பொங்கி வழியாது.

முனைகளில் பூத்த பூஞ்சையைப் போக்க, இன்வெர்ட்டரையும் பேனல் தொடர்பையும் அணைத்துவிட்டு, வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். மூடிகள் இறுகியிருக்கட்டும், சோடா நீர் உள்ளே போகக் கூடாது. துடைத்துக் காய்ந்த பின், திருகை இறுக்கி, மேலே வாஸலின் தடவிவிட வேண்டும்.

இந்த இடத்தில் சகோதரிகளுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. பாட்டரியிடம் போகும் முன் வளையல்களைக் கழற்றி வையுங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் செருகிக்கொள்ளுங்கள். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று நினைக்கக் கூடாது. வளையல் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டுவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். பொன் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். திருகு முடுக்கும் ஸ்பானரின் பிடியிலும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கட்டும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை வேண்டும். அமிலம் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும்.

இன்னொன்று. சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து வரும் வாயுவில் ஹைட்ரஜன் இருக்கிறது. தீப்பொறி பட்டால் வெடிக்கும். இடமில்லை என்று பூஜை அலமாரிக்கு அடியில் பாட்டரியை வைக்கிற வீடுகள் உண்டு. மேலே அகல் விளக்கு, கீழே ஹைட்ரஜன்! சுவாமிக்குக்கூட இந்த ஏற்பாடு பிடிக்காது. காற்றோட்டமான வேறு இடத்துக்கு அதை இன்றே மாற்றிவிடுங்கள்.

மாமாவும் மாமியாரும்

இப்போது டீச்சர் வீட்டுக்குத் திரும்புவோம். பாட்டரி காலி. மாமாவைக் கூப்பிட வேண்டியதுதான். ஆனால் ஜெனரேட்டரின் கயிற்றை எத்தனை முறை இழுத்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. பெட்ரோல் குழாயின் திருகு திறந்திருக்கிறதா? குளிர்ந்த யந்திரத்துக்கு 'சோக்' இழுத்தோமா? ஸ்பார்க் பிளக் கரி பிடித்திருக்கிறதா? போன மழைக்காலத்தில் ஊற்றிய பெட்ரோல் அப்படியே தொட்டியில் கிடக்கிறதா? இந்தக் காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக் கணக்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்ணிய துவாரங்களை அடைத்துவிடும். அதனால் மாதம் ஒரு முறை, தேவையோ இல்லையோ, ஒரு விளக்கையும் விசிறியையும் மாட்டிக் கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். வெகுநாள் வேலையில்லை என்றால் தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும்.

மலைக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. என்ஜின் ஆயில் குறைந்தால் தானே நின்றுவிடும் கருவி பல ஜெனரேட்டர்களில் இருக்கிறது. சரிவான தரையில் வைத்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, அந்தக் கருவி ஏமாந்துபோகும். ஆயில் இருந்தும் மாமா அசைய மாட்டார். சமதளத்தில் வைத்து இழுத்தால் உடனே எழுந்துவிடுவார்!

டீச்சர் அதைத்தான் செய்தாள். ஜெனரேட்டர் ஓடியது. ஆனால் இன்வெர்ட்டர் அதை ஏற்கவில்லை. 'டக்' என்று வாங்கும். 'டக்' என்று விட்டுவிடும். அவள் போனை எடுத்தாள்.

"என்னங்க, ஜெனரேட்டர் ஓடுது. சார்ஜ் ஏறலை."

"அதன் பின்னால ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், பாரு. யூ.பி.எஸ். பக்கம் இருக்கா?"

"ஆமாங்க."

"மற்ற பக்கம் தள்ளு."

தள்ளினாள், ஏறிற்று. காரணம் இதுதான். யூ.பி.எஸ். நிலையில் இன்வெர்ட்டர் பொல்லாத மாமியார். பொதுவாக 180-லிருந்து 260 வோல்ட்டுக்குள், அதுவும் சீராக வந்தால்தான் வாங்கிக்கொள்ளும். சாதாரண நிலையில் 100-லிருந்து 290 வரை பொறுத்துக்கொள்ளும். சிறிய ஜெனரேட்டரின் வேகம் சீராக இருப்பதில்லை. விநாடிக்கு 50 சுற்று மின்சாரம் வர, அது நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்ற வேண்டும். சுமை ஏறியதும் வேகம் தளரும், இன்வெர்ட்டர் உதறிவிடும், சுமை போனதும் வேகம் ஏறும், மறுபடி வாங்கும். இந்தச் சண்டைக்கு முடிவே இராது.

சண்டை தீர வழிகள் உண்டு. ஜெனரேட்டரை இரண்டு மூன்று நிமிஷம் சும்மா ஓடவிட்டுச் சூடேறிய பிறகு சுமையைக் கொடுங்கள். பாட்டரி காலியாக இருக்கும்போது சார்ஜுக்கே நிறைய இழுக்கும். அந்த நேரத்தில் டி.வி., கிரைண்டர் வேண்டாம். சார்ஜ் அளவைக் குறைக்கும் வசதி இன்வெர்ட்டரில் இருந்தால் குறைத்து வையுங்கள். காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். அப்படியும் தீராவிட்டால் வேகத்தைச் சீராக்கும் கவர்னரை மெக்கானிக் பார்க்க வேண்டும். அது உங்கள் வேலை அல்ல.

உயிருக்கு உலை வைப்பவை

இதுவரை சொன்னதெல்லாம் பணக் காரியம். இனிச் சொல்வது உயிர்க் காரியம்.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல். தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் பனிப்புயலால் மின்சாரம் போனபோது, வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டியும் கரியடுப்பு மூட்டியும் குளிர் காய்ந்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் இந்த வாயுவால் இறந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிகிச்சைக்கு வந்தார்கள். படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் நிறைந்த தேசத்தில் நடந்தது இது. மழையில் நனைகிறதே என்று ஜெனரேட்டரைத் திண்ணைக்கோ, மாடிப்படி அடிக்கோ, சமையலறைக்கோ கொண்டு வராதீர்கள். ஜன்னல் கதவுகளிலிருந்து 20 அடி தள்ளி, வெட்டவெளியில், தனியாக ஒரு கூரை போட்டு வையுங்கள். ஓடும்போது யாருக்காவது தலை சுற்றினால் எல்லோரும் வெளியே வந்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.

சூடான ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். அணைத்து, ஆறவிட்டு, பகலிலேயே ஊற்றிக்கொள்ளுங்கள். பாட்டிமார்கள் மாலை நாலு மணிக்கே மண்ணெண்ணெய் ஊற்றியது சும்மா அல்ல.

ஜெனரேட்டரின் கம்பியைச் சுவரில் உள்ள பிளக்கில் செருகி வீடு முழுவதும் மின்சாரம் ஏற்றும் தந்திரம் ஒன்று சில ஊர்களில் உண்டு. அது தந்திரமல்ல; கொலைக் குற்றத்துக்கு ஒப்பானது. அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டி வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் பல மடங்கு பெருகி, 'லைன் செத்திருக்கிறது' என்று நம்பிக் கம்பம் ஏறிய லைன்மேனைத் தாக்கும். அவருக்கும் வீட்டில் குழந்தைகள் காத்திருக்கும். ஒரு சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் போட்டால், இது அல்லது அது என்று ஒன்றுதான் இணையும்.

கடைசியாக, இன்வெர்ட்டரின் பெட்டியைத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். பேனலோ வெயில் இருக்கும் வரை மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். அதை அணைக்க ஸ்விட்சே இல்லை. இடி மின்னல் நேரத்தில் எதையும் தொட வேண்டாம்.

இரண்டு கிராமங்கள்

இவ்வளவு சிரத்தை எதற்கு என்று தோன்றலாம். பீஹாரில் தர்னாய் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2014-ல் அங்கே 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் வந்தது. ஏறக்குறைய 450 வீடுகளுக்கு விளக்கு. தேசமெங்கும் பத்திரிகைகள் பாராட்டின. மூன்றே வருஷத்தில் பாட்டரிகள் ஓய்ந்துபோயின, மாற்றுவதற்கு ஏற்பாடில்லை. இதற்குள் அரசாங்கக் கம்பியும் வந்துவிட, அந்த நிலையம் மாடு கட்டும் இடமாயிற்று. பேனல்கள் என்னவோ கூரை மேல்தான் இருந்தன. சூரியனும் தவறாமல் உதித்துக்கொண்டுதான் இருந்தது. பாட்டரியைப் பற்றிக் கவலைப்பட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ராஜஸ்தானில் ஆஜ்மீர் மாவட்டத்துத் திலோனியா இன்னொரு விதம். பங்கர் ராய் 1972-ல் அங்கே தொடங்கிய 'பேர்ஃபுட் காலேஜ்' என்கிற நிறுவனம், எழுத்தறியாத பெண்களுக்கு, அவர்களில் பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள், சோலார் விளக்கு அமைக்கவும் பழுது பார்க்கவும் ஆறு மாதம் பயிற்சி கொடுத்தது. ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பேசும் பாஷை மற்றவளுக்குத் தெரியாது. நிறங்களைக் காட்டியும் சைகை செய்துமே பாடம் நடந்தது. ஊர் திரும்பியவர்கள் தங்கள் கிராமங்களுக்கு விளக்கேற்றினார்கள். ஏன் பாட்டிமார்களைத் தேர்ந்தெடுத்தார்கள்? இளைஞர்களுக்குத் தொழில் தெரிந்தால் பட்டணத்துக்குப் போய்விடுவார்கள். பாட்டி ஊரிலேயே இருப்பாள் என்பதால்தான்.

இந்த இரண்டு கிராமங்களுக்கும் உள்ள வித்தியாசம் யந்திரத்தில் இல்லை. பக்கத்தில் இருந்து கவனிக்கிற ஒருவர் உண்டா, இல்லையா என்பதில் இருக்கிறது. கல்வராயன் மலை வீட்டுக்கும், மாம்பலத்து மூன்றாவது மாடி வீட்டுக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும்.

வெள்ளிக்கிழமை வேலை

வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைத் துலக்குகிறோம். அதோடு ஐந்து நிமிஷம் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டரியின் மேல் இருக்கும் தூசியை உலர்ந்த துணியால் துடையுங்கள். முனைகளில் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்க் குறியைப் பாருங்கள். மீட்டர் வைத்து வோல்ட் எத்தனை என்று காலண்டரில் அந்தத் தேதிக்கு நேராக எழுதுங்கள். நாலு வாரம் எழுதினால், பாட்டரி தேறுகிறதா தளர்கிறதா என்று உங்களுக்கே விளங்கிவிடும். மாதத்தில் ஒரு வெள்ளி தண்ணீர். இன்னொரு வெள்ளி ஜெனரேட்டருக்குக் கால் மணி நேர ஓட்டம். பாட்டரி வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். உத்தரவாதச் சீட்டைத் தேடி அலைய வேண்டாம்.

மெக்கானிக் வரும்போதும், "என்னமோ எரியலைங்க" என்று நிற்க வேண்டியதில்லை. "நேற்று ராத்திரி எட்டு மணிக்கு நின்றது. அப்போது 11.8 காட்டியது. முனைகள் சுத்தமாக இருக்கின்றன. மூன்றாவது அறை மட்டும் தாழ்வாக நிற்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். அவர் உங்களை நிமிர்ந்து பார்ப்பார். பில்லும் கொஞ்சம் குனிந்தே வரும்!